ஓடவிட்டு எண்ணிய டூரிங்

லேப்டாப் ஃபேன் திடீர்னு கத்த ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க? டாஸ்க் மேனேஜரைத் திறப்பீங்க. லினக்ஸ் ஆளா இருந்தா டெர்மினல்ல டாப் அடிப்பீங்க. எந்த ப்ராசஸ் எத்தனை சதவீதம் சிபியு தின்னுது, இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்திருக்குன்னு வரிசையா காட்டும். ஆனா இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்ற கட்டம் அதுல இருக்கா? இல்ல. அதை எல்லா ப்ரோக்ராமுக்கும் பொதுவா சொல்லவே முடியாதுன்னு கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சவர் ஆலன் டூரிங்.

1912 ஜூன் 23, லண்டன்ல பிறந்தார். அப்பா ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்துல ஐசிஎஸ் அதிகாரி. அம்மா ஈத்தல் சாரா பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம போத்தனூர்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேல சீஃப் இன்ஜினியர். பெற்றோர் இங்க இருக்க, ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்துல வேற ஒரு குடும்பத்தோட வளர்ந்தாங்க.

1936-ல வந்த அவரோட பேப்பரைத்தான் நாம டிஓசி சப்ஜெக்ட்ல டூரிங் மெஷின், ஹால்ட்டிங் ப்ராப்ளம்னு படிக்கிறோம். ஒரு ப்ரோக்ராம் முடியுமா, முடியாம ஓடிக்கிட்டே இருக்குமான்னு எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்ற ஒரே வழி கிடையாது. சரி, பொதுவா முடியலைன்னா? கையில இருக்கிற ஒரு ப்ரோக்ராமோட ஸ்டெப்களை எண்ணலாம். இல்லைன்னா ஓடவிட்டு மணி பாக்கலாம். பிற்பாடு அவர் ரெண்டையும் பண்ணினார்.

போர்க்காலம், பிளெட்ச்லி பார்க், எனிக்மா எல்லாம் சினிமாவாவே வந்தாச்சு, அதை விட்டுடறேன்.

1945-ல தேசிய இயற்பியல் ஆய்வகத்துல சேர்ந்து ஏஸ்னு ஒரு கம்ப்யூட்டரை டிசைன் பண்ணினார். அதோட மெமரி, பாதரசம் நிரப்பின குழாய். அதுக்குள்ள பிட்டுகள் ஒலி அலையா சுத்திக்கிட்டே இருக்கும். வேணுங்கிற எண்ணைத் தவறவிட்டா, அது மறுபடி வெளிய வர சுமார் 1 மில்லி செகண்ட் காத்திருக்கணும். மினி பஸ்ஸை விட்டுட்டு அடுத்த ட்ரிப்புக்கு நிக்கிற மாதிரி. அதனால இன்ஸ்ட்ரக்ஷன்களை வரிசையா அடுக்காம, தேவைப்படுற நேரத்துக்குச் சரியா குழாயை விட்டு வெளிய வர்ற இடமா பாத்து வைக்கிற பழக்கம் வந்தது. ஒவ்வொரு மைக்ரோசெகண்டும் கணக்கு!

1948-ல மேட்ரிக்ஸ் பத்தி ஒரு பேப்பர் எழுதினார். என்னைக் கேட்டா, டூரிங் எழுதினதுல நமக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான். ஒரு கணக்குல எவ்வளவு வேலை இருக்குன்னு தோராயமாவாவது அளக்க ஒரு அளவுகோல் வேணும். எத்தனை பெருக்கல், எத்தனை தடவை எண்ணை எழுதி வைக்கிறோம்னு எண்ணுங்கன்னு அதுல சொன்னார். 100 மாறிகள் இருக்கிற சமன்பாடுகளை எலிமினேஷன்ல தீர்க்க, 100-இன் கனத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் 3,33,000 பெருக்கல். அல்காரிதம் லேப்ல நாம போடற என் க்யூப் கணக்கு இதோட வாரிசுதான்.

அடுத்து மான்செஸ்டர். 1950 ஜூன்ல ரீமன் ஜீட்டா ஃபங்ஷனோட ஜீரோக்களை அங்கிருந்த மெஷின்ல தேடினார். அந்த மெஷின் அடிக்கடி படுத்துக்கும். அன்னைக்கு அதிசயமா மதியம் 3 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை நிக்காம ஓடுச்சு. 17 மணி நேரம். இப்போ டைம் கமாண்ட் போட்டா கடிகார நேரம் தனி, சிபியு நேரம் தனியா வரும், ஏன்னா நூறு ப்ராசஸ் ஒரே சிபியுவைப் பங்கு போடுது. அவருக்கு அந்தத் தொல்லை இல்ல. உள்ள இருந்தது ஒரே ப்ரோக்ராம், சுவர்க் கடிகாரமே போதும். நம்ம கெர்னலும் ஒரு ப்ராசஸ் எப்போ முடியும்னு கேக்கறதில்ல. டைமர் அடிச்சதும் அதை நிறுத்திட்டு, எடுத்த நேரத்தை அதோட கணக்குல எழுதிட்டு, அடுத்ததுக்குக் குடுத்துடும்.

1952-ல ஓரினச்சேர்க்கையாளர்ங்கிற ஒரே காரணத்துக்காக இங்கிலாந்து நீதிமன்றம் அவருக்குத் தண்டனை குடுத்தது. ஜெயிலுக்குப் பதிலா ஹார்மோன் சிகிச்சை. ஒரு கணித மேதையை அவரோட அரசாங்கமே நடத்தின லட்சணம் இது. ஜீட்டா பேப்பர் 1953-ல வெளிவந்தது. அந்த 3 மணி, 8 மணி கணக்கை அதுலயே எழுதியிருக்கார். மெஷின் அன்னைக்கு அவ்வளவு நேரம் தாங்கலைன்னா இந்த வேலையே நடந்திருக்காதுங்கிற அர்த்தத்துல. முதல் 1,104 ஜீரோக்கள் வரை சரிபார்த்திருந்தார்.

1954 ஜூன் 7, சயனைடால இறந்தார். தற்கொலைன்னு விசாரணையில முடிவு பண்ணினாங்க. வயசு 41. ரெண்டு வருஷம் கழிச்சு, 1956-ல டி. எச். லேமர் அந்தக் கணக்கை 25,000 ஜீரோக்கள் வரைக்கும் கொண்டுபோனார்.