ஈயத் தூசுக்குக் கணக்குக் கேட்டவர்

ஓர் ஆலையின் காற்றில் இருபது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நச்சு உலோகம் கலந்திருந்தது என்பதை இன்று யார் சொல்ல முடியும்? தூசு படிந்து மறைந்துவிட்டது. இயந்திரங்கள் மாறிவிட்டன. அன்று யாரும் அளக்கவில்லை என்றால் ஆவணமும் இல்லை. எஞ்சியிருப்பது நோயுற்ற தொழிலாளியின் உடலும் நினைவும் மட்டுமே. அவற்றையே சான்றாக்கி ஒரு தொழில்துறையைப் பதில் சொல்ல வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன்.

நியூயார்க்கில் 1869-ஆம் ஆண்டு பிறந்து, இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் வளர்ந்தவர் அவர். கிரேக்க இலக்கிய அறிஞர் ஈடித் ஹாமில்டன் அவருடைய தமக்கை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றபோது, பெண் என்பதால், யார் கண்ணிலும் படாமல் அமர்ந்து பாடம் கேட்க மட்டுமே அவருக்கு அனுமதி கிடைத்தது.

1897-இல் சிகாகோவில் மகளிர் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோய்க்குறியியல் பேராசிரியரானார். ஜேன் ஆடம்ஸ் நடத்திய 'ஹல் ஹவுஸ்' என்னும் சமூக இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்களின் வீடுகள். ஆலை வேலைக்குப் போனவர்கள் நோயாளிகளாகத் திரும்புவதை அங்கேதான் அருகிலிருந்து கண்டார்.

1910-இல் இல்லினாய் மாநில அரசு தொழில்சார் நோய்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஈயத்தைத் தாமே ஆராய எடுத்துக்கொண்டார். காற்றின் தூசை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. ஆலைக்குள் நுழையச் சட்ட அதிகாரமும் இல்லை. தொழிலாளர்கள் கையைக் கழுவாமல் உண்பதால்தான் நோய் வருகிறது என்பதே முதலாளிகளின் வாதம். காற்றில் பறக்கும் தூசும் புகையுமே முதன்மைக் காரணம் என்பதை ஹாமில்டன் நிறுவ வேண்டியிருந்தது.

மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். நோயாளி என்ன வேலை செய்தார் என்ற விவரம் அவற்றில் பெரும்பாலும் இல்லை. எனவே மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் விசாரித்தார். தொழிலாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஈறின் ஓரத்தில் ஈயம் உண்டாக்கும் கருநீலக் கோடு போன்ற தெளிவான அடையாளம் இன்றி எவரையும் நோயாளிக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணிக்கை குறைந்தாலும் யாரும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் வேலையில் இருந்த போலந்துக்காரர் ஒருவர் ஈய நச்சால் மணிக்கட்டு முடங்கிப்போனார். ஹாமில்டன் அந்த ஆலையைப் பார்வையிட்டபோது ஆபத்தான எதுவும் கண்ணில் படவில்லை. தொழிலாளர்களின் வீட்டுக்குச் சென்று கேட்ட பிறகே உண்மை தெரிந்தது. அவர் பார்த்தது சிறு பழுதுகளைச் சரிசெய்யும் இடம். எனாமல் பூசும் உலைகள் வேறோர் இடத்தில் இருந்தன. அங்கே, செக்கச் சிவக்கக் காய்ந்த தொட்டிகளின் மீது எனாமல் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் தூசு. அந்தப் பொடியைச் சோதித்ததில் 20 விழுக்காடு வரை கரையக்கூடிய ஈயம் இருந்தது.

ஈய நஞ்சு தாக்கக்கூடிய 70-க்கும் மேற்பட்ட தொழில்முறைகளையும், 578 நோயாளிகளையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. 1911-இல் இல்லினாய் மாநிலம் தொழில்சார் நோய்களுக்கான சட்டம் இயற்றியது. பின்னர் மத்திய அரசுக்காக நாடெங்கும் ஆய்வைத் தொடர்ந்தார். தமது ஆலைகளில் நோயே இல்லை என்று சாதித்த நேஷனல் லெட் நிறுவனத்தின் எட்வர்ட் கார்னிஷிடம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு பாதிக்கப்பட்ட 22 பேரின் விவரங்களை வைத்தார். சான்றைக் கண்ட கார்னிஷ், தூசைக் கட்டுப்படுத்தவும் ஆலைகளில் மருத்துவர்களை அமர்த்தவும் முன்வந்தார்.

1919-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் பெண் ஆசிரியராக நியமித்தது. ஆனால் பட்டமளிப்பு ஊர்வலத்தில் அவருக்கு இடமில்லை. 1935-இல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியராகவே வைக்கப்பட்டார். பெட்ரோலில் ஈயம் கலப்பதை 1925-இலேயே வெளிப்படையாக எதிர்த்தார். அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அது முற்றிலும் தடை செய்யப்பட 1996 வரை ஆயிற்று.

1970 செப்டம்பர் 22 அன்று, 101-ஆவது வயதில் ஹாமில்டன் மறைந்தார். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு டிசம்பரில்.

இன்று ஆய்வாளர்கள் பணிப் பதிவேடு, செய்த வேலை, அதன் காலம், கிடைக்கும் பழைய அளவீடுகள் ஆகியவற்றை இணைத்து, ஒரு தொழிலாளி சுவாசித்த உலோகத் தூசை மதிப்பிடுகிறார்கள். கணக்கு நுட்பமாகியிருக்கிறது, அதன் அடித்தளம் ஹாமில்டன் கேட்ட அதே கேள்விகள்தாம். நிர்வாகம் அளக்காமல் விட்டதற்கான தண்டனையைத் தொழிலாளி சுமக்கலாகாது. அளவீடு இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. எங்கே நின்றாய், என்ன செய்தாய், எத்தனை ஆண்டுகள் செய்தாய் என்று தொழிலாளியிடம் கேட்பதே நியாயத்தின் முதல் படி.