செப்புத் தகட்டில் எழுந்த ஓவியம்

வங்காளத்து மைமன்சிங் மாவட்டத்தில், மசூவா என்னும் ஊரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். உறவினரான ஜமீன்தார் ஒருவர் அவரை இளமையிலேயே தத்தெடுத்துப் புதுப்பெயர் சூட்டினார். கல்கத்தாவில் பயின்று 1884இல் பட்டம் பெற்ற அவர், ஓவியத்திலும் வயலின் இசையிலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார்.

சிறுவர்களுக்காக இராமாயணக் கதையை எழுதிய அவர், அதற்குரிய படங்களையும் தாமே வரைந்தார். அக்காலத்தில் ஓவியத்தை அச்சிட, கைவினைஞர் ஒருவர் அதனை மரக்கட்டையில் செதுக்கித் தருவார். அவ்வாறு அச்சாகி வந்த தம் படங்கள் உருச்சிதைந்திருக்கக் கண்டு உபேந்திரகிஷோர் மனம் நொந்தார். வேறொருவராயின் செதுக்கியவரைக் கடிந்துகொண்டதோடு அமைந்திருப்பார். இவரோ இலண்டனிலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895இல் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர் கைக்கொண்டது ‘ஹாஃப்டோன்’ முறை. நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த கண்ணாடித் திரையின் வழியே ஓவியத்தைப் படம்பிடிப்பர். அப்போது ஓவியம் முழுவதும் புள்ளிகளாகப் பிரியும். கருநிழல் உள்ள இடத்தில் புள்ளிகள் பெரியவை. வெளிறிய இடத்தில் சிறியவை. ஒளி பட்டால் இறுகும் பசையைச் செப்புத் தகட்டில் பூசி, அப்புள்ளிகளை அதில் பதிப்பர். இறுகாத பசையைக் கழுவியபின் தகட்டை அமிலத்தில் இடுவர். பசையால் மூடப்படாத செம்பை அமிலம் அரிக்க, புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும். மை அம்மேடுகளில் மட்டுமே ஒட்டும். நாளிதழ்ப் படம் ஒன்றை உருப்பெருக்கியால் நோக்குங்கள். இன்றைய அச்சுமுறை வேறாயினும் அங்கும் புள்ளிகளைக் காண்பீர்கள்.

திரைக்கும் படத்தகட்டிற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருத்தல் வேண்டும்? பலரும் அனுபவத்தால் ஊகித்ததை இவர் கணிதத்தால் வரையறுத்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் இலண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதல் வெளிவந்தன. இத்தனைக்கும் அவர் இங்கிலாந்து சென்றதே இல்லை. அவருடைய மகன் சுகுமார்தான் பின்னர் அங்குச் சென்று அச்சுக்கலை பயின்றார்.

1913இல் உபேந்திரகிஷோர் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்றும் இனிப்புப் பண்டம் என்றும் பொருள் உண்டு. இம்முறை படங்கள் அவருடைய சொந்த அச்சகத்திலேயே உருவாயின. ஆயினும் அவ்விதழை அவரால் நெடுங்காலம் நடத்த இயலவில்லை. நீரிழிவு நோயுற்று, 1915 டிசம்பரில், தம் 52ஆம் அகவையில் மறைந்தார். இதழைச் சுகுமார் ஏற்று நடத்தினார். சுகுமாரின் மகனே திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய். பாட்டனார் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய கூபி, பாகா கதையை அவர் 1969இல் திரைப்படமாக வெளியிட்டார்.