ஒன்பது நீதிபதிகளையும் ஒரே பக்கம் சேர்த்தவர்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த ஏர்ல் வாரன், 1891இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். தந்தை ரயில்வே தொழிலாளி. 1894 வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால் வேலையை இழந்தவர். பள்ளி விடுமுறையில் மகனும் ரயில்வேயில் எடுபிடி வேலை செய்தார்.

சட்டம் படித்த வாரன், மூன்று முறை கலிபோர்னியா ஆளுநராகத் தேர்வானார். 1953இல் தலைமை நீதிபதியானபோது, அதற்கு முன் நீதிபதியாக இருந்த அனுபவமே அவருக்கு இல்லை. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது சரியா என்ற வழக்கு அங்கே காத்திருந்தது. இனவாரியாகப் பிரித்து வைப்பது தவறில்லை என்று 1896இல் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

விசாரணை முடிந்ததும் ஒன்பது நீதிபதிகளும் மூடிய அறையில் கூடுவார்கள். கிராணி இல்லை, உதவியாளர் இல்லை. யாராவது கதவைத் தட்டினால், கடைசியாகப் பதவிக்கு வந்த துணை நீதிபதிதான் எழுந்துபோய்த் திறக்க வேண்டும்! தலைமை நீதிபதி முதலில் பேச, மற்றவர்கள் பணிமூப்புப்படி பேசுவார்கள். ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஆனாலும் அது வெளியாகும்வரை யாரும் மனம் மாறலாம்.

வாரனுக்கு ஐந்து போதவில்லை. ஒரு நீதிபதி மாற்றி எழுதினாலும் தென் மாநிலங்கள் அதையே பிடித்துக்கொள்ளும். அதனால் டிசம்பர் கூட்டத்தில் தன் கருத்தைச் சொன்னார். வாக்கெடுப்பை மட்டும் தள்ளிவைத்தார். வாக்களித்துவிட்டால் இறங்கி வருவது கடினம் அல்லவா? பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொருவரிடமும் பேசினார். மாரடைப்பால் மருத்துவமனையில் இருந்த நீதிபதி ஜாக்சனிடம் தீர்ப்பின் வரைவைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசிவரை தயங்கியவர் ஸ்டான்லி ரீட். அவரும் இணங்கினார்.

1954 மே 17ஆம் தேதி ஜாக்சன் மருத்துவமனையிலிருந்து நேராக வந்து அமர்ந்தார். பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நாளிதழில் முழுதாக அச்சிடும் அளவுக்கு வாரன் அதைச் சுருக்கமாக, எளிய நடையில் எழுதியிருந்தார்.

அந்த ஒற்றுமைக்கு விலையும் இருந்தது. 1955இல் வந்த அடுத்த தீர்ப்பில் பள்ளிகளை இணைக்கக் காலக்கெடு இல்லை. தென் மாநிலங்கள் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தடித்தன. அதுவரை வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வெற்றி ஏட்டளவில்தான்.

வாரன் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1942இல் கலிபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைப்பதை ஆதரித்தார். 1969இல் ஓய்வு பெற்று 1974 ஜூலை 9இல் காலமானார். அந்தச் செயலுக்கு வருந்தி அவர் எழுதியது, மறைவுக்குப் பிறகு வெளியான தன்வரலாற்றில் இருக்கிறது.