உடைந்த வட்டம்... கார்ல் யுங் தினமும் காலையில் ஏன் மண்டலா வரைந்தார்?

மண்டலா கலரிங் புத்தகம் வாங்கி வச்சிருக்கீங்களா? கூடவே ஒரு செட் ஸ்கெட்ச் பேனா? முதல் வாரம் ஆசையா நாலு பக்கம் போட்டிருப்பீங்க. அப்புறம் அது வீட்டுப் பிள்ளைங்க கைக்குப் போயிருக்கும். பரவாயில்லை, பெரும்பாலான வீடுகளில் இதுதான் கதை.

ஆனால், இந்த வட்டத்தை மேற்கத்திய மனநல மருத்துவத்துக்குள் கொண்டுவந்த மனிதர் செய்தது வேற வேலை. அச்சடித்த கட்டங்களுக்கு அவர் கலர் அடிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, காலிப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, இன்னைக்கு என் மனசு எப்படி இருக்குன்னு பார்த்தார். பல நாள் அந்த வட்டம் அழகா வந்தது. ஒருநாள் உடைஞ்சு வந்தது. அந்த உடைந்த வட்டத்தையும் அவர் கிழித்துப் போடவில்லை. அவர் பெயர் கார்ல் குஸ்தாவ் யுங்.

1875-ல் ஸ்விட்சர்லாந்தின் கெஸ்வில் கிராமத்தில் பிறந்தவர். அப்பா தேவாலயப் போதகர். வீட்டில் அம்மா, அப்பாவுக்குள் சுமுகம் இல்லை. பத்து வயசு வாக்கில் இந்தப் பையன் ஒரு காரியம் செய்தான். மர ஸ்கேலின் நுனியில் ஒரு குட்டி மனிதனைச் செதுக்கி, பென்சில் பெட்டிக்குள் படுக்கை போட்டுப் படுக்கவெச்சு, பக்கத்தில் வர்ணம் பூசிய ஒரு கூழாங்கல்லையும் வைத்து, பரண் மேல் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தான். மனசு கஷ்டமா இருக்கும்போதெல்லாம் அந்தப் பொம்மையை நினைச்சுக்குவான், நிம்மதியாகிடும். கையால் செய்த ஒன்று மனசைத் தாங்கிப் பிடிக்கும் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை பாருங்க.

பாசலில் மருத்துவப் படிப்பு. 1900-ல் சூரிச்சின் புகழ்பெற்ற புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் வேலை. 1903-ல் எம்மாவுடன் திருமணம், பிறகு ஐந்து குழந்தைகள். 1907-ல் வியன்னா போய் சிக்மண்ட் ஃப்ராய்டைச் சந்தித்தார். முதல் சந்திப்பிலேயே சுமார் 13 மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். தன்னைவிட 19 வயது இளையவரான யுங்கை ஃப்ராய்டு தன் வாரிசாகவே நினைத்தார். ஆனால், மனித மனசின் எல்லா முடிச்சுகளையும் பாலுணர்விலேயே கொண்டுபோய் நிறுத்துவதை யுங்கால் ஏற்க முடியவில்லை. 1913-ல் உறவு முறிந்தது.

இங்கேதான் அவர் வாழ்க்கை தடம் மாறுது. வயசு 38. குரு இல்லை, பழைய நண்பர்கள் பலர் விலகிவிட்டார்கள். அடுத்த வருஷமே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பொறுப்பையும் விட்டுவிட்டார். 1913 அக்டோபரில் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, விழிப்பு நிலையிலேயே ஒரு காட்சி. வட கடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடையில் இருக்கிற நிலம் முழுக்க வெள்ளம், மிதக்கும் பிணங்கள், கடைசியில் தண்ணீர் ரத்தமாக மாறுகிறது. சுமார் ஒரு மணி நேரம் அது நீடித்தது. மனநோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், தனக்கே மனநோய் வருதோன்னு பயந்தார். 1914 ஆகஸ்ட்டில் முதல் உலகப் போர் வெடித்த பிறகுதான், தன் காட்சிக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் கல் பொறுக்கப் போனார். நிஜமாத்தான். சூரிச் ஏரிக் கரையில் க்யூஸ்நாக்ட் என்ற ஊரில் அவர் வீடு. சின்ன வயசில் கற்களை அடுக்கி வீடு கட்டி விளையாடியது ஞாபகம் வந்ததும், மதியச் சாப்பாடு முடிந்து, அடுத்த நோயாளி வரும்வரை ஏரிக் கரையில் கூழாங்கற்களை வைத்துக் குட்டி வீடுகள், ஒரு தேவாலயம் என ஒரு கிராமத்தையே கட்ட ஆரம்பித்தார். வளர்ந்த மனுஷனுக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால், கட்டக் கட்ட எண்ணங்கள் தெளிவாவதைக் கவனித்தார். பின்னாளில் எழுத்தில் எங்கே தடை வந்தாலும் படம் வரைவதும் கல் செதுக்குவதும் அவருடைய வழக்கம் ஆகிவிட்டது.

அந்த நாள்களில் யோகப் பயிற்சிகளும் செய்தார். அது ஒரு அளவோடுதான். கொந்தளிப்பு அடங்கும்வரை யோகா. அடங்கியதும் நிறுத்திவிட்டு, மறுபடி அந்தக் கற்பனைகளை நேருக்கு நேர் பார்க்க உட்கார்ந்துவிடுவார். மனசைச் சும்மா ஆக்குவது அவர் நோக்கமே இல்லை. அது சொல்ல வருவதைக் கேட்கிற அளவுக்கு அமைதி இருந்தால் போதும். தியானம்னா எதையும் நினைக்கக் கூடாதுன்னு முட்டி மோதி, முடியாமல் விட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கலாம்.

1916-ல் தன் முதல் மண்டலாவை வரைந்தார். மண்டலம்னா நமக்கு 48 நாள் கணக்கு, இல்லைன்னா மண்டல அலுவலகம்! சமஸ்கிருதத்தில் அதற்கு வட்டம் என்று பொருள். தான் வரைவது என்ன என்று அப்போது அவருக்கே சரியாகப் புரியவில்லை. போரின் பிற்பகுதியில், ஷாத்தோ-டே என்ற மலை ஊரில் ஆங்கிலேயப் போர்வீரர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த முகாமுக்குப் பொறுப்பு அதிகாரியாக ராணுவப் பணியில் இருந்தார். அங்கேதான் தினமும் காலையில் ஒரு நோட்டில் சின்னதாக ஒரு வட்டப் படம் வரைகிற பழக்கம் வந்தது. நேற்றைய வட்டம், இன்றைய வட்டம் என அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மனசு நாளுக்கு நாள் மாறுவது தெரிந்தது. நாம டைரியில் எழுதுவோமே, அதை அவர் கோடுகளில் செய்தார்.

இந்தச் சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரு பெண் எழுதியது. உங்க மனசிலிருந்து வருகிற இந்தக் கற்பனைகள் எல்லாம் கலைதான், அவற்றைக் கலையாகவே பார்க்கணும் என்பது அவர் வாதம். பாராட்டுதானே, இதில் என்ன இருக்குன்னு நமக்குத் தோணும். யுங்குக்கு எரிச்சல் வந்தது. காரணம், அது முட்டாள்தனமான கடிதம் இல்லை. நம்பிவிடுகிற மாதிரி இருந்தது. இவை தானாக வருகின்றனவா, அல்லது நானே ஜோடிக்கிறேனா என்ற சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டது. மறுநாள் வரைந்த மண்டலாவில் விளிம்பின் ஒரு பகுதி வெடித்துத் திறந்திருந்தது. சமச்சீர் போச்சு.

எனக்கு யுங்கின் கதையில் பிடித்த இடம் இதுதான். ஏன்னா, இன்றைக்கு அந்தக் கடிதம் நம் எல்லோருக்கும் தினமும் வருது. வரைந்து முடிக்கும் முன்னாடியே ஸ்டேட்டஸில் போட எந்த ஆங்கிள் நல்லா இருக்கும்னு யோசிக்கிறோமே, அதே கடிதம்தான். அடுத்தவர் பார்க்கப்போகிறார் என்றதும் கை தானாக அழகுபடுத்த ஆரம்பிச்சுடும். யுங் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் கணக்கில் உடைந்த வட்டம் நேற்று மனசில் நடந்ததைச் சரியாகக் காட்டியது, அவ்வளவுதான்.

அதற்காக உங்க கலரிங் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் 84 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மண்டலாவுக்கோ கட்டம்போட்ட டிசைனுக்கோ வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் தாளில் இஷ்டப்படி கலர் செய்தவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. ராத்திரி படபடப்பு அடங்கணும்னா அச்சடித்த டிசைன் உதவும். உங்களுக்குள்ளே என்ன ஓடுதுன்னு தெரியணும்னா, பழைய நோட்டு ஒண்ணு போதும். வளையலை வைத்தே வட்டம் போட்டுக்கலாம். பத்து நிமிஷம், மேலே தேதி, ரப்பர் வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மொத்தமாகப் புரட்டிப் பாருங்க. இது யுங் எழுதிவைத்த விதிமுறை இல்லை, அவர் பழக்கத்தைப் பார்த்து நான் சொல்வது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அந்த வருஷங்களில் அவரைத் தரையில் நிறுத்தியது குடும்பமும் தினசரி வந்த நோயாளிகளும்தான். மனசு தாங்க முடியாத அளவுக்குப் போனால், நோட்டை மூடிவிட்டு டாக்டரைப் பார்க்கணும்.

1928-ல் நடுவில் பொன் கோட்டை உள்ள ஒரு மண்டலாவை வரைந்தார். அது ஏன் சீனத்துச் சாயலில் வந்தது என்று அவருக்கே ஆச்சர்யம். கொஞ்ச நாளில் சீனவியல் அறிஞரான ரிச்சர்ட் வில்ஹெல்மிடமிருந்து ஒரு பழைய சீனத் தியான நூலின் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. அதிலும் அதே நடுமையம், அதைச் சுற்றி வருதல். பல வருஷத் தனிமை அன்றைக்குத்தான் கலைந்தது. 1929-ல் அந்த நூல் அவர் விளக்கவுரையோடு வந்தபோது, தன் மண்டலாக்களையும் உள்ளே சேர்த்தார். வரைந்தவர் பெயர் போடாமல்!

1937-ன் இறுதியில் இந்திய அறிவியல் மாநாட்டை ஒட்டி அழைப்பின்பேரில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் வயிற்றுப்போக்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். டார்ஜிலிங் பக்கத்தில் பூட்டியா பஸ்தி மடாலயத்தில் ஒரு லாமாவைச் சந்தித்து மண்டலா பற்றிக் கேட்டார். மடாலயங்களில் தொங்குகிற படங்கள் வெளித் தோற்றம்தான். உண்மையான மண்டலா மனசுக்குள் கட்டப்படுவது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பது லாமா தந்த விளக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் முகாமில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதே பயணத்தில் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தார். இன்னொருவர் அடைந்த உண்மையை வாங்கிக்கொள்வது திருட்டு மாதிரி, தன்னுடையதைத் தானே தேடணும் என்பது அவர் நிலைப்பாடு. பிடிவாதம்தான், எனக்கும் அதில் முழு உடன்பாடு கிடையாது. சுவாரஸ்யம் என்னன்னா, தன் நண்பர் ஹைன்ரிச் ஸிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிற்பாடு முன்னுரை எழுதியவரும் இதே யுங்தான்.

1961 ஜூன் 6-ம் தேதி க்யூஸ்நாக்ட் வீட்டில் காலமானார். அந்த நெருக்கடி வருஷங்களின் காட்சிகளை அழகான கையெழுத்திலும் ஓவியங்களிலும் பதிந்துவைத்த சிவப்புத் தோல் அட்டைப் புத்தகத்தை அவர் காலத்தில் வெளியிடவில்லை. குடும்பத்தார் அதைப் பல வருஷம் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள். 2009-ல்தான் வெளியே வந்தது. 1930 வாக்கில் அதைப் பாதியில் நிறுத்தியவர், 1959-ல் மறுபடி எடுத்து ஒரு பின்னுரை எழுத உட்கார்ந்தார். அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நிற்கிறது.