சில்லுக்கு இடம் தேடிய அகதி

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எனது சிறிய கராஜ் இருக்கிறது. போன மாதம் மருதமுனைத் தம்பி ஒருவர் பழைய மினி காரொன்றைக் கொண்டுவந்தார். பந்தயக் கார் போலத் தெரிய வேண்டும் என்று அகலமான டயர் போட்டிருந்தார். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயர் மட்காட்டில் உரசுகிறது. பள்ளத்தில் இறங்கினால் கறகறவென்று சத்தம். மட்காட் விளிம்பை வெட்டித் தரும்படி கேட்டார். வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காரை உருவாக்கியவரின் கதையை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். 1906 நவம்பர் 18ஆம் திகதி, இன்று துருக்கியின் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சத்தவர், பிரித்தானியப் பிரஜை. கப்பல் இயந்திரங்கள் சம்பந்தமான தொழில் நடத்தியவர். தாய் ஜேர்மன் வழியில் வந்தவர். 1922 செப்டம்பரில் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் அந்த நகரம் எரிந்தது. பதினாறு வயது நிரம்பாத பையனும் பெற்றோரும் பிரித்தானியக் கப்பலில் ஏற்றப்பட்டு மால்டாவுக்குப் போனார்கள். வீடும் தொழிலும் பின்னால் போய்விட்டன. சிறிது காலத்தில் தந்தையும் இறந்தார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தார்கள்.

1990இல் ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கும், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கூடாரத்தில் கிடந்தவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

லண்டன் பட்டர்சீ பொலிடெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதத்தில் மூன்று முறை பெயில். ஆனால் வரைவதில் கெட்டிக்காரர். அந்தக் கையை நம்பித்தான் கார்க் கம்பனிகள் அவரை வேலைக்கு எடுத்தன. 1936இல் மொரிஸ் கம்பனியில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஜோர்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து, கைக் கருவிகளாலேயே ஒரு பந்தயக் காரைப் பல வருடங்களாகச் செய்து முடித்தார். லைட்வெயிட் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயர். அதன் சில்லுகளை ரப்பர் சஸ்பென்ஷன் தாங்கியது.

கம்பனி வேலையிலும் அவருடைய முதல் கவனம் முன் சில்லுகள்தான். ஜாக் டானியல்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வரைந்த முன் சஸ்பென்ஷன், யுத்தத்துக்குப் பிறகு 1947இல் எம்.ஜி. வை காரில் வந்தது. எம்.ஜி. டீடி, எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்கமும் அதன் வழியில் வந்ததே.

1948இல் மொரிஸ் மைனர் வந்தது. நமது நாட்டில் அதைத் தெரியாத வயதானவர்கள் குறைவு. எனது வாப்பா அதை வைத்துத்தான் ஹயர் ஓடினார். அதன் முன் சில்லுகளைத் தாங்குவது காரின் அடியில் நீளமாக ஓடும் முறுக்குக் கம்பி. காலப்போக்கில் அது தளர்ந்து முன்பக்கம் இறங்கும். அப்போது வாப்பா கம்பியின் பின்முனையில் இருக்கும் லீவரைக் கழற்றி, அடுத்த பல்லில் மாட்டி, உயரத்தைத் திரும்பக் கொண்டுவருவார்.

அந்தக் காரைத் தயாரிக்க எல்லாம் ஆயத்தமான நேரத்தில் அகலம் போதவில்லை என்று இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் நிறுத்தினார். மொரிஸ் மைனரின் பொனட் நடுவே தட்டையாக ஓடும் பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பிரித்தானியாவில் பத்து இலட்சம் விற்ற முதல் கார் அதுதான்.

1956 சூயஸ் நெருக்கடியில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிறிய கார் தேவைப்பட்டது. 1959 ஆகஸ்டில் மினி வந்தது. நீளம் பத்து அடி, சில்லு பத்து அங்குலம். எஞ்சினைக் குறுக்கே வைத்து ஆட்களுக்கு இடம் எடுத்தார். அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வந்தன. ஏழைக் குடும்பத்துக்கென்று செய்த அந்தக் கார் 1964, 1965, 1967 ஆகிய வருடங்களில் மொன்டி கார்லோ ரலியை வென்றது.

இனி நமது தம்பியின் காருக்கு வருவோம். சமமான தரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்தேன். இடது பக்கம் ஓர் அங்குலம் குறைவு. ரப்பர் கூம்பு வயதாகி அமுங்கியிருந்தது. ஷொக் அப்சோர்பர் மாற்றினால் உயரம் வராது, அது ஆட்டத்தை மட்டுமே அடக்கும். ஆகவே இரு பக்கமும் புதிய கூம்பு போட்டேன். கீழ்க்கையை முன்னால் பிடித்திருக்கும் கம்பியின் புஷ்கள் தேய்ந்து, சில்லு முன்னும் பின்னும் அசைந்தது. அவற்றையும் மாற்றினேன். சில்லை வெளியே தள்ள அவர் வைத்திருந்த ஸ்பேசரைக் கழற்றினேன். உயரம் மாறினால் சில்லுகளின் நேரும் மாறும் என்பதால் கடைசியில் அலைன்மென்ட் பார்த்தேன். பிறகு நான்கு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டினோம். உரசவில்லை. மட்காட்டில் கைவைக்கவே இல்லை.

இசிகோனிஸ் 1969இல் சேர் பட்டம் பெற்றார். ஆனால் கம்பனிகள் ஒன்றிணைந்தபின் அவரை ஓரங்கட்டினார்கள். 1971இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்யவில்லை. அகதியாக அவரோடு கப்பலேறிய தாய் 1972இல் இறக்கும்வரை அவருடனேயே இருந்தார். 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி பர்மிங்ஹாமில் காலமானார்.

வாப்பாவின் மொரிஸ் மைனர் இப்போது இல்லை. கடல் வந்த அன்று அதுவும் போனது. பொனட் மட்டும் தென்னந்தோப்பில் கிடைத்தது. அதைக் கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறேன். போகும்போது தம்பி அதன் நடுவே ஓடும் பட்டியில் விரலை வைத்து அளந்து பார்த்தார்.