நாடகத்தின் தலைவாயில்

தெருக்கூத்தில் அரசனுக்கு முன்னே கட்டியங்காரன் வருகிறான். அவையோரை வணங்கி, நிகழவிருக்கும் கதையை அறிவிக்கிறான். திரைக்குப் பின் நிற்கும் அரசனை யாரென வினவி நகையாடுகிறான். இசை நாடகத்தில் இப்பணியைப் பபூன் ஏற்கிறான். இவ்வழக்கம் எதற்காக ஏற்பட்டது என்பதைத் தவத்திரு சங்கரதாசு சுவாமிகளின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சில காலம் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார். நாடகத்தின்மீது கொண்ட காதல் அவரை 24ஆம் வயதில் மேடைக்கு ஈர்த்தது. எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் முதலிய அச்சம் தரும் வேடங்களை ஏற்றுப் புகழ் பெற்றார். நாடகத்தைத் தொடங்கிவைத்துக் கதையை இணைத்துச் செல்லும் சூத்திரதாரராகவும் விளங்கினார்.

அவரைப் பற்றி நாடக உலகில் வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. ஒருநாள் இரவு நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்தார். விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க ஏரிக்குச் சென்றார். துணி வெளுக்க அங்கு வந்த பெண்ணொருத்தி, இருளில் அக்கோலத்தைக் கண்டு அஞ்சி உயிர்நீத்தாள். நெஞ்சம் நொந்த சுவாமிகள் வேடம் புனைவதைக் கைவிட்டு, நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் முழுமையாக ஈடுபட்டார்.

முதல் நாள் இரவு மேடையில் தோன்றிய அதே சனீசுவரனை அவையோர் அனைவரும் கண்டனர், அஞ்சினர், ஆயினும் மகிழ்ந்து வீடு திரும்பினர். அவர்கள் காண்பது நாடகம் என்பதைத் தொடக்கக் காட்சியே அறிவித்திருந்தது. ஏரிக்கரையில் அவ்வறிவிப்பைச் செய்வார் எவருமிலர். கூட்டத்தின் ஆரவாரத்தை அடக்கிக் கவனத்தை ஈர்ப்பதோடு, வாழ்வுக்கும் நடிப்புக்கும் இடையே எல்லை வகுப்பதும் தொடக்க நகைச்சுவையின் பணியாகும். அவ்வெல்லைக்குள் அரசனையும் எள்ளி நகையாடலாம். எமனையும் அச்சமின்றிக் காணலாம்.

மேலை நாட்டாரும் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர். சேக்சுபியர் தம் இன்பியல் நாடகம் ஒன்றைக் குடிபோதையில் கிடக்கும் ஏழை ஒருவனைக் கொண்டு தொடங்குகிறார். செல்வர் ஒருவர் அவனைப் பிரபு என நம்பவைக்கிறார். அவன் முன்னிலையிலேயே முதன்மைக் கதை நடிக்கப்படுகிறது. வேடமும் உடையும் மனிதனை எவ்வாறு மாற்றிக் காட்டுகின்றன என்பதை அந்நகைச்சுவை முன்கூட்டியே உணர்த்துகிறது.

நடிகர்கள் மேடையில் தம் விருப்பம்போல் பேசிவந்த காலத்தில், சுவாமிகள் பாடலும் உரையாடலும் அமைந்த நாடகங்களை எழுதி மேடைக்கு ஒழுங்கு தந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி முதலியன அவர் படைப்புகள். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். தி.க. சண்முகம் முதலிய சிறுவர்கள் அவரிடம் பயின்று பெருங்கலைஞராயினர்.

1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். ஊர்த் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடிக்கப்படுகிறது. முருகனும் வள்ளியும் தோன்றுவதற்கு முன்பே பபூன் வந்து அவையைச் சிரிக்கவைக்கிறான். சிரித்து முடித்த அவை, கதையைக் காண ஆயத்தமாக அமர்கிறது.