தோமஸ் றொபேட் மல்தஸ் (1766 – 1834)

மாணவர்களே, கூட்டல் விருத்தியும் பெருக்கல் விருத்தியும் கணித பாடத்தில் உங்களுக்குப் பழக்கமானவை. 1, 2, 3, 4 என்று செல்வது ஒன்று; 1, 2, 4, 8 என்று செல்வது மற்றையது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஓர் ஆங்கிலேய மதகுரு பொருளியலையும் உயிரியலையும் ஒருங்கே அசைத்துவிட்டார். அவரே தோமஸ் றொபேட் மல்தஸ்.

இவர் 1766 பெப்ரவரியில் இங்கிலாந்தின் டோர்க்கிங் நகருக்கு அருகே பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். தந்தை டானியல் மல்தஸ் வசதியும் வாசிப்பும் உள்ளவர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவிடம் பெருமதிப்புக் கொண்டவர். மகனுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. பேச்சு தெளிவாக வராத ஒருவர் பின்னாளில் பிரசங்கமும் விரிவுரையும் செய்தே வாழ்ந்தார் என்பதைக் கவனியுங்கள். 1784 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1788 இல் கணிதச் சிறப்புப் பரீட்சையில் ஒன்பதாம் இடம் பெற்றார். அதன்பின் மதகுருவாகி, ஓக்வூட் என்னும் சிற்றூரின் சிறு ஆலயத்திற் பணியாற்றினார்.

அங்கு அவர் கண்டது ஏழ்மை. கூலி விவசாயிகளின் பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருந்தனர். பதினான்கு வயது மதிக்கத்தக்க பையனை விசாரித்தால் பதினெட்டு என்பான். அக்காலத்திலோ பிரெஞ்சுப் புரட்சியின் வேகத்தில், மனித சமுதாயம் விரைவில் குறையற்ற நிலையை அடைந்துவிடும் என கொட்வின், கொண்டோசே போன்றோர் எழுதிவந்தனர். தந்தைக்கு இதில் நம்பிக்கை, மகனுக்கு இல்லை. வீட்டில் நடந்த அந்த விவாதமே நூலாகியது. 1798 இல் வெளிவந்த குடித்தொகை பற்றிய அக்கட்டுரை நூலின் முதற் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை.

நூலின் கருத்து எளியது. தடை எதுவுமில்லாவிடின் குடித்தொகை பெருக்கல் விருத்தியில் வளரும். உணவு உற்பத்தி கூடியபட்சம் கூட்டல் விருத்தியிலேயே வளரும். வட அமெரிக்காவில் 25 வருடங்களுக்கு ஒருமுறை மக்கள் தொகை இரட்டிப்பாகியதை அவர் உதாரணமாகக் கொண்டார். நீங்களே கணித்துப் பாருங்கள். இரண்டும் 1 இல் ஆரம்பித்தால் 200 வருட முடிவில் ஒன்பதாவது உறுப்பை அடைவோம். அப்போது மக்கள் 256 பங்கு, உணவு 9 பங்கு. இந்த இடைவெளி உண்மையில் ஏற்பட முடியாது. பஞ்சமும் நோயும் யுத்தமும் இறப்பைக் கூட்டும், அல்லது காலந்தாழ்த்தி மணம் செய்வது பிறப்பைக் குறைக்கும் என்றார் மல்தஸ்.

அச்சுவேலியில் தோட்டம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதே கிணற்று நீர். விதை வெங்காயம் எவ்வளவு கையிலிருந்தாலும் கிணறு தாங்கும் அளவுக்குத்தான் நடலாம். அதற்கு மேல் இறைத்தால், கடலும் களப்பும் கிட்டிய இடங்களில் நீர் உவர்ப்பாகிவிடும். வளர்ச்சிக்கு எல்லை இடும் இத்தகைய வளத்தையே எல்லைப்படுத்தும் காரணி என்கிறோம்.

நூலுக்குக் கண்டனங்கள் குவிந்தன. மல்தஸ் சளைக்காமல் 1799 இல் நோர்வே, சுவீடன், ருஷ்யா எனப் பயணஞ் செய்து விபரம் திரட்டினார். பல மடங்கு விரிந்த இரண்டாம் பதிப்பு 1803 இல் அவரது பெயருடன் வந்தது. பிரித்தானியாவின் முதலாவது குடிசன மதிப்பு 1801 இலேயே எடுக்கப்பட்டது என்பதால், முதற் பதிப்பை எழுதும்போது சொந்த நாட்டின் மக்கள் தொகையே அவருக்குச் சரியாகத் தெரியாது. (இலங்கையில் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871 இல் நடைபெற்றது.) 1804 இல், தமது 38 ஆவது வயதில், ஹரியற் எக்கர்சாலை மணந்தார். அவருக்குப் பதினொரு பெண் பிள்ளைகள் என்றொரு கதை நெடுங்காலம் உலாவியது. உண்மையில் பிள்ளைகள் மூவரே.

1805 இல் கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தரைப் பயிற்றுவிக்க நடத்திய கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். பிரித்தானியாவில் இப்பதவிப் பெயரை முதலிற் பெற்றவர் அவரே. ஹெயிலிபரியில் அமைந்த அக்கல்லூரியில் இறக்கும்வரை கற்பித்தார். சென்னை மாகாணத்தை ஆள வந்த பலர் அவரது மாணவர்கள். பொருளியலாளர் றிக்காடோவுடன் கருத்தால் மோதியபடியே இறுதிவரை நண்பராக இருந்தார். 1834 டிசம்பரில் காலமாகி, பாத் நகர ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இனி, பரீட்சைக்கு முக்கியமான பகுதி. மல்தஸ் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தார் என எழுதிவிடாதீர்கள். அவர் எழுதியது மனிதரைப் பற்றியே. 1838 இல் அந்நூலை வாசித்த சாள்ஸ் டார்வின், எல்லா உயிரினங்களும் உணவும் இடமும் தாங்குவதற்கு மேலாகவே பெருகுகின்றன. ஆகவே போட்டி தவிர்க்க முடியாதது. அப்போட்டியில் சூழலுக்குப் பொருத்தமான இயல்புள்ளவை தப்புகின்றன என விளங்கிக்கொண்டார். 1858 இல் மலுக்குத் தீவுகளிற் காய்ச்சலுடன் படுத்திருந்த வலஸ், முன்பு வாசித்த மல்தசை நினைத்து அதே முடிவுக்கு வந்தார். பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் வெர்குல்ஸ்ட் 1838 இல் மல்தசின் கருத்துக்குச் சமன்பாடு அமைத்தார். குடித்தொகை முதலில் மெதுவாகவும் பின் வேகமாகவும் வளர்ந்து, வளம் குறையக் குறையத் தளர்ந்து, ஒரு மட்டத்தில் நிற்கும். அதுவே எஸ் வடிவ வளையி. அம்மட்டமே தாங்கு கொள்ளளவு.

எல்லாக் குடித்தொகையும் இவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. அலாஸ்காவுக்கு அப்பாலுள்ள சென் மத்தியு தீவில் 1944 இல் 29 துருவ மான்கள் விடப்பட்டன. அங்கே ஓநாய் இல்லை. லைக்கன் நிறைய இருந்தது. 1957 இல் மான்கள் 1350. 1963 இல் ஏறத்தாழ 6000. மெதுவாக வளரும் லைக்கனை அவை அதற்குள் மேய்ந்து தீர்த்துவிட்டன. அடுத்த கடுங்குளிர்காலத்தில் பட்டினி. 1966 இல் எஞ்சியவை 42 மாத்திரமே. இங்கே கொள்ளளவைத் தாண்டிய மந்தை அந்தக் கொள்ளளவையே அழித்துவிட்டது.

மனிதர் விடயத்தில் மல்தஸ் பெருமளவு பிழைத்துப்போனார். செயற்கைப் பசளை, புதிய இனப் பயிர்கள், நீர்ப்பாசனம், தாமாகவே குறைந்த பிறப்பு வீதம் ஆகியவற்றை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் எழுதியபோது நூறு கோடிக்குக் கிட்டியிருந்த உலக மக்கள் தொகை 2022 இல் 800 கோடியைத் தொட்டது. ஏழைகளுக்கு அரச உதவி கொடுப்பதால் ஏழ்மையே பெருகும் என்ற அவரது வாதம் தீங்கும் விளைத்தது. 1876 – 78 இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் நிவாரணத்தைச் சுருக்கிய ஆட்சியாளர் அவ்வாதத்தைத் துணைக்கு அழைத்தனர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர், பலர் இலங்கைத் தோட்டங்களை நோக்கிக் கடல் கடந்தனர். அதே வேளையில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. மானுக்குப் புல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மனிதப் பஞ்சத்திலோ தானியம் எங்கே போனது என்றும் கேட்கவேண்டும்.

எமக்கு அண்மையான உதாரணம் நெடுந்தீவுக் குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த இவை இப்போது காட்டுக்குதிரைகளாக, கல்வேலிகளும் புல்வெளியும் நிறைந்த அத்தீவில் மேய்கின்றன. மாரியில் பள்ளங்களில் நீர் நிற்கும், புல் தழைக்கும், குட்டிகள் கொழுக்கும். ஆடி, ஆவணியில் நீர்நிலைகள் வற்றும். மழை பொய்த்த வருடங்களில் குதிரைகள் தாகத்தால் இறந்ததுண்டு. நாற்புறமும் கடல், வேறிடம் செல்ல வழியில்லை. ஆடுமாடுகளும் அதே புல்லையும் நீரையுமே நம்பியுள்ளன.

வரைபு கேட்கப்பட்டால் கிடையச்சிற் காலத்தையும் நிலைக்குத்தச்சில் எண்ணிக்கையையும் குறியுங்கள். தாங்கு கொள்ளளவைத் துண்டுக்கோட்டினாற் காட்டுங்கள். நெடுந்தீவுக்கு வரைவதாயின் அக்கோடு நேராக இராது. மழையுடன் ஏறி, கோடையில் இறங்கும்.